வீட்டில் மின்துரப்பணம்

சுவரில் ஒரு துளையிட வேண்டுமாயின் முன்னாளில் தச்சருக்கோ கொத்தனாருக்கோ சொல்லி அனுப்புவோம். அவர் வரும் நாள் அவர் வசதியைப் பொறுத்தது. வந்தபின் உளியும் சுத்தியலுமாகச் சுவரைக் குத்தி, ஓர் அங்குலத் துளைக்கு நான்கு அங்குலக் காரையைப் பெயர்த்து, மரக்கட்டையை அடித்திறக்கி, சுற்றிலும் சிமெண்டு பூசி, "நாளை வரை ஆணி அறைய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். இன்று அதே வேலையை ஒரு நிமிடத்தில் முடிக்கும் மின்துரப்பணம் ‘டிரில் மிஷின்’ என்னும் பெயரில் சிறு நகரக் கடைகளிலும் கிடைக்கிறது. நம் அங்கத்தினருள் சிலர் தனியாகவும், சிலர் இரண்டு மூன்று குடும்பத்தாராகச் சேர்ந்தும் அதனை வாங்கி வைத்திருக்கின்றனர். மற்றவர்கள் சங்கத்தின் பொதுக்கருவியை இரவலாகப் பெற்றுச் செல்கின்றனர். வாங்குவோர் தொகை பெருகிய அளவுக்குக் கையாளும் முறையை அறிந்தோர் தொகை பெருகவில்லை என்பதே நம் கவலை.

இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது நம் இடக்கையில் உள்ள ஒரு தழும்பு. தறியின் மிதிக்கட்டைக்கு ஓர் இரும்புப் பட்டை தேவைப்பட்டது. அதில் 8 மில்லிமீட்டர்த் துளையிட வேண்டும். பட்டையை முக்காலியின்மேல் வைத்து இடக்கையால் அழுத்திக்கொண்டு வலக்கையால் கருவியை ஓட்டினோம். துளை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்னும் ஒரு நூல் கனமே பாக்கி. அந்நேரத்தில் அலகு சட்டென்று பட்டையைக் கவ்வியது. பட்டை காற்றாடி போலச் சுழன்று பெருவிரலின் அடியைக் கிழித்தது. ஏழு தையல்கள். அறுந்த இழையை முடிய இயலாமல் ஆறு வாரம் தறி நின்றது. ஏற்றியிருந்த பாவைப் பின்னர் மைத்துனர் வந்து நெய்து கொடுத்தார். பட்டையைப் பிடித்து வைப்பதற்குரிய கவ்வி வீட்டிலேயே இருந்தது. அடுத்த அறைக்கு எழுந்து சென்று எடுத்து வரச் சோம்பல், அவ்வளவே.

இவ்விபத்து ஏன் நேர்ந்தது என்பதை முதலில் ஆராய்வோம். ஏனெனில் இரும்பில் துளையிடுவோருக்கு நேரும் காயங்களுள் பல இவ்வகையினவே. துரப்பண அலகின் நுனியில் இரண்டு வெட்டு விளிம்புகள் உள்ளன. துளையின் நடுவில் இருக்கும்வரை அவை இரும்பை மெல்லிய சுருளாகச் சீவியெடுக்கின்றன. நாம் கொடுக்கும் அழுத்தத்தைக் கீழிருக்கும் இரும்பு தாங்குகிறது. அலகின் நுனி மறுபுறம் வெளிப்பட்டவுடன் அத்தாங்கல் மறைந்துவிடுகிறது. அதுவரை அழுத்திக்கொண்டிருந்த கையின் பலம் முழுவதும் அலகை ஒரே பாய்ச்சலாக முன்னே தள்ளுகிறது. அப்பொழுது வெட்டு விளிம்பு மெல்லிய சீவலை எடுப்பதற்கு மாறாக, எஞ்சிய இரும்பின் ஓரத்தில் திருகாணியைப் போல் கொளுவிக்கொள்கிறது. மோட்டார் நிற்பதில்லை. ஆகவே, பட்டை சுழல வேண்டும், அல்லது கருவி சுழல வேண்டும், அல்லது அலகு முறிய வேண்டும். கையால் பிடித்த பட்டையே இம்மூன்றனுள் மிகவும் இளைத்தது. ஆதலின் அதுவே சுழலும்.

இதற்குரிய பரிகாரம் எளிது. துளையிடும் பொருள் எவ்வளவு சிறிதாயினும் அதனை வைஸிலோ, ‘சி கிளாம்ப்’ எனப்படும் இரும்புக் கவ்வியிலோ பிடித்து வைக்க வேண்டும். இரண்டும் இல்லாவிடில் ஒரு பலகையில் பொருளை வைத்து, அது சுழலாதபடி இருபுறமும் இரண்டு ஆணிகளை அறைந்து கொள்ளலாம். துளை முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்து, கருவியின் கனம் மட்டுமே அலகின்மேல் இருக்குமாறு விட வேண்டும். துளை முடியப்போவதை ஓசையே அறிவிக்கும். நாடாவின் ஓட்டத்தை ஓசையால் அறியும் நெசவாளிக்கு இது விரைவில் பழகிவிடும்.

பெரிய அலகுகளைக் கொண்டு சுவரிலோ மரத்திலோ வேலை செய்யுங்கால், கவ்விக்கொண்ட அலகு கருவியையே திருப்பிவிடுவதுண்டு. அலகு சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் கருவியின் உடல் திரும்பும். மணிக்கட்டு அதனுடன் முறுக்கிக்கொள்ளும். கருவியுடன் கொடுக்கப்படும் பக்கக் கைப்பிடி இதற்காகவே அமைந்தது. அதனைக் கழற்றிப் பெட்டியில் போட்டு வைப்பது நம் மக்களிடம் உள்ள ஒரு வழக்கம். ஏணியின்மேல் நின்று ஒரு கையால் துளையிடுவோர் இதனைச் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்கருவியின் வரலாற்றையும் சுருங்கச் சொல்வோம். நம் தச்சர்களின் துரப்பணம் கயிற்றாலோ வில்லாலோ இழுக்கப்படுவது. வலமாகச் சில சுற்றும் இடமாகச் சில சுற்றுமாக மாறிமாறிச் சுழல்வது. ஒரே திசையில் இடைவிடாது சுழன்று, தூளைத் தானே வெளியேற்றும் முறுக்கு அலகுக்கு அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863-இல் உரிமம் பெற்றார். மின்சாரத்தால் இயங்கும் துரப்பணத்துக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்த்தர் ஆர்னட், வில்லியம் பிரெய்ன் ஆகிய இருவர் 1889-இல் உரிமம் பெற்றனர். அது ஓரிடத்தில் நிறுத்தி இயக்கும் பெரிய யந்திரம். கையில் தூக்கிச் செல்லக்கூடியதை ஜெர்மனியில் ஃபைன் கம்பெனியார் 1895-இல் செய்தனர். துப்பாக்கி போன்ற பிடியும், விரலால் அழுத்தும் விசையும் கொண்ட இன்றைய உருவம் 1917-இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி உரிமம் பெற்ற அமைப்பிலிருந்து வந்ததாகும்.

துப்பாக்கியின் உருவம் பெற்றதனாலோ என்னவோ, விசையை முழுவதும் அழுத்துவதே சரியான முறை என்று பலர் கருதுகின்றனர். வீட்டு உபயோகத்துக்கான சிறிய கருவிகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்று வரை ஓடக்கூடியவை. அவ்வேகம் எல்லா வேலைக்கும் உரியதன்று. கணக்காகவே பார்ப்போம். 10 மில்லிமீட்டர் அலகின் சுற்றளவு சுமார் 31 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று எனில் அதன் வெளிவிளிம்பு ஒரு நிமிடத்தில் 88 மீட்டர் தூரம் இரும்பை உரசிச் செல்கிறது. சாதாரண இரும்பைச் சீவுவதற்கு ஏற்ற வேகமோ நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர் வரைதான். மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினால் விளிம்பு சூடேறி மழுங்கும். மழுங்கியபின் அது சீவுவதில்லை, தேய்க்கிறது. தேய்ப்பதால் மேலும் சூடேறுகிறது. ‘அலகு மட்டரகம்’ என்று கடைக்காரரைக் குறை கூறுமுன் இதனை எண்ணிப் பார்ப்பது நியாயம். 10 மில்லிமீட்டர் அலகுக்குச் சுமார் 800 சுற்றும், 5 மில்லிமீட்டருக்கு 1,600 சுற்றும் இரும்பில் போதுமானவை. சுருங்கக் கூறின், அலகு பருக்கப் பருக்க வேகம் குறைய வேண்டும். மரத்தில் இதைவிட விரைவாக ஓட்டலாம்.

சரியான வேகத்தில், கூர்மையான அலகு, போதிய அழுத்தத்துடன் இறங்கும்பொழுது இரும்பிலிருந்து இரண்டு நீண்ட சுருள்கள் எழும். சுருளுக்குப் பதில் பொடியும் கிறீச்சென்ற ஓசையும் வருமானால் நிறுத்திவிட வேண்டும். இரும்பில் ஓரிரு துளி எண்ணெய் விட்டுக்கொள்வது நன்று. தொடங்குமுன் குறியிட்ட இடத்தில் பொட்டு உளியால் ஒரு குழி அடித்துக்கொண்டால் அலகு வழுக்கிச் செல்லாது. பெரிய துளைக்கு முதலில் 3 அல்லது 4 மில்லிமீட்டரில் வழித்துளை இட்டுக்கொள்வது உழைப்பையும் அலகையும் மிச்சப்படுத்தும். எழும் சுருள் சவரக்கத்திக்கு ஒப்பானது. அதனைக் கையால் துடைக்கக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது.

அலகு வகைகளைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். இரும்புக்குரியது அதிவேக எஃகினால் செய்தது. நுனி கூம்பாக இருக்கும். மரத்துக்குரியதன் நடுவில் ஒரு சிறு முள் நீண்டிருக்கும். அது அலகு விலகாமல் காக்கும். சுவருக்குரியதன் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடினமான துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்துண்டின் அகலம் தண்டைவிடச் சற்றே மிகுந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். சுவர் அலகால் மரத்தையும், மர அலகால் சுவரையும் துளைக்க முயன்று இரண்டையும் பாழாக்கியவர்களை நாம் அறிவோம். சுவர் அலகு பழுக்கக் காய்ந்துவிட்டால் அதனைத் தண்ணீரில் தோய்க்கக் கூடாது, நுனித்துண்டு வெடித்துவிடும்.

இனி, நம் வீடுகளுக்கே உரிய ஓர் அபாயத்துக்கு வருவோம். அது நூல். தறிக்கூடத்தின் தரையில் கழிவு நூல் இல்லாத நாள் இல்லை. சுழலும் அலகில் ஒரு நூல் முனை பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் பல முழம் சுற்றிக்கொள்ளும். அந்நூலின் மறுமுனை பாவிலோ, விரலிலோ, அரைஞாணிலோ இருந்தால் என்ன ஆகும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை. தோளில் கிடக்கும் துண்டு, வேட்டியின் தொங்கும் முனை, சேலைத் தலைப்பு, துப்பட்டா, பின்னாது விட்ட கூந்தல், தொளதொளத்த சட்டைக்கை ஆகிய யாவும் நூலின் இனத்தைச் சேர்ந்தவையே. வேட்டியை மடித்து இறுகக் கட்டிக்கொள்க. துண்டை எடுத்து அப்பால் வைத்திடுக. பெண்கள் தலைப்பை இடுப்பில் செருகி, கூந்தலைக் கொண்டையிட்டு, தொங்கும் வளையல்களைக் கழற்றிக்கொள்வது நலம். கையுறை அணிவது பாதுகாப்பென்று சிலர் கருதுவர். துளையிடும்போது துணிக்கையுறை நன்மையினும் தீமையே செய்யும்; அதன் ஓர் இழை சிக்கினும் விரலைச் சேர்த்து இழுத்துச் செல்லும்.

பஞ்சுத் துகள் மற்றொரு தொல்லை. மோட்டாரைக் குளிர்விக்க உள்ளிருக்கும் விசிறி காற்றை இழுக்கிறது. அக்காற்றுடன் பறக்கும் பஞ்சும் உள்ளே சென்று அடைகிறது. கம்பியில் ஓடும் கருவிகள் பலவற்றில் கார்பன் பிரஷ்கள் உரசுமிடத்தில் சிறு தீப்பொறிகள் எழுவது இயல்பு. பஞ்சும் பொறியும் ஓரிடத்தில் கூடுவது எவ்வாறென நெசவாளர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே கழிவுப் பஞ்சு குவிந்த மூலையிலும், மண்ணெண்ணெய், பெட்ரோல், பூச்சிமருந்து, வண்ணக் கரைப்பான் ஆகியவை திறந்திருக்கும் இடத்திலும் கருவியை ஓட்டக் கூடாது. கூடத்தைப் பெருக்கியபின் வேலையைத் தொடங்குவது நல்லது.

மின்சாரத்தைப் பற்றி எச்சரிக்கை தரும்போதெல்லாம் ‘எங்களுக்கு ஷாக் அடித்துப் பழக்கமே’ என்று நகைப்பவர்கள் உளர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஓர் ஆம்பியரில் மிகச் சிறு பங்கான மின்னோட்டமே நெஞ்சின் வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பைக் குலைத்துவிடக் கூடும். 600 வாட் கருவியோ இரண்டரை ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. எம்.சி.பி. என்னும் சாதாரணப் பாதுகாப்பு விசை கம்பி எரியாமல் காப்பதற்கே ஏற்பட்டது. அது மனிதரைக் காப்பதன்று. மனிதரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர்க் கசிவுக்கே அறுந்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியாகும். வீட்டில் அது இல்லாதோர், இருக்கும் எந்தச் செலவையும் தள்ளிவைத்து அதனை முதலில் பொருத்திக்கொள்ள வேண்டுமென்பது நம் துணிந்த கருத்து.

கருவியின் பெயர்ப்பலகையில் ஒன்றனுள் ஒன்றாக இரு சதுரங்கள் இருந்தால் அது இரட்டைக் காப்புடையது. அதற்கு எர்த் கம்பி வேண்டுவதில்லை. அக்குறி இல்லாத பழைய உலோக உடல் கருவிகளுக்கு எர்த் இன்றியமையாதது. மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு துளைப் பொருத்தியில் செருகுவோர் தம் உயிரையே வெட்டி எறிகின்றனர். நீட்டிப்புக் கம்பியைச் சுருளாகவே வைத்து ஓட்டினால் உள்ளே வெப்பம் தங்கி உறை உருகக்கூடும். முழுவதும் பிரித்துவிட்டே ஓட்ட வேண்டும். மாலை வேளைகளில் அழுத்தம் குறைந்து விளக்கு மங்கும் ஊர்களில் கருவியைப் பலவந்தப்படுத்துவதும் தவறு. மோட்டாரின் வேகம் குறைந்தால் அதனைக் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகிறது, சுருள் புகைகிறது. அலகை மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ‘சக்’ என்னும் கவ்வுவாயைத் திருகும் சாவியைப் பிளக்குக்கு அருகே கம்பியிலேயே கட்டிவைப்பது பழைய பட்டறைக்காரர்களின் தந்திரம். பிளக்கைப் பிடுங்கினாலன்றிச் சாவி சக்குக்கு எட்டாது. சாவியைச் சக்கிலேயே மறந்துவிட்டு விசையை அழுத்தவும் இயலாது. இத்தகைய எளிய ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு நம் வணக்கம்.

சுவரினுள் மறைந்திருக்கும் கம்பியே மிகவும் வஞ்சகமானது. மின்வேலை செய்வோர் பெரும்பாலும் விசைப்பலகைக்கு நேர்மேலாகவோ நேர்கீழாகவோ, சில வேளை பக்கவாட்டில் நேராகவோ குழாய் பதிக்கின்றனர். ஆதலின் ஒவ்வொரு விசைப்பலகையிலிருந்தும் மேலும் கீழும் பக்கங்களிலும் ஒரு சாண் அகலப் பாதை இருப்பதாகக் கருதி, அதனுள் துளையிடாதிருப்பதே அறிவுடைமை. குளியலறை, சமையலறைகளில் தண்ணீர்க் குழாய்க்கும் இவ்விதியே பொருந்தும். ஐயம் தோன்றினால் மெயினை நிறுத்திவிட்டு மின்கலத்தால் இயங்கும் கருவியைக் கொண்டு துளையிடலாம். குறுக்கே கம்பி சென்றதென்று பின்னர் தெரிந்தாலும் அப்பொழுது உயிரிழப்பு இல்லை, செலவு மட்டுமே.

நம் ஊர்ச் சுவர்கள் ஒரே வகையின அல்ல. மண்சுவரில் நெகிழி முளை நிற்பதில்லை. அங்கே பழைய முறைப்படி நீண்ட மரமுளையோ, சுவரின் மறுபுறம் வரை செல்லும் போல்ட்டோதான் தக்கது. செங்கற்சுவரில் சிமெண்டுப் பூச்சு சுமார் 12 முதல் 15 மில்லிமீட்டர் கனம் இருக்கும். முளையைப் பூச்சோடு நிறுத்திவிட்டால் பளு தொங்கியவுடன் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து வரும். முளை முழுவதும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். துளையின் ஆழத்தை அளவிட அலகின்மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொள்வதே போதும். வெளிவரும் பொடி சாம்பல் நிறமாயின் இன்னும் பூச்சில் இருக்கிறோம். சிவந்தால் செங்கல்லை அடைந்துவிட்டோம். சிவந்தபின் மீண்டும் சாம்பலாகி, அலகு எளிதாக இறங்கினால் இரு கற்களுக்கிடையே உள்ள சாந்தில் சிக்கியிருக்கிறோம் என்று பொருள். அத்துளையைக் கைவிட்டு இரண்டு அங்குலம் தள்ளி இடுவது நன்று.

6 மில்லிமீட்டர் முளைக்கு 6 மில்லிமீட்டர் அலகு, 8-க்கு 8. இது யாவரும் அறிந்ததே. ஆயினும் கையை ஆட்டி ஆட்டித் துளையைப் பெரிதாக்கிவிட்டு, முளை சுற்றுகிறதென்று தீக்குச்சிகளைச் செருகுவோரே மிகுதி. துளையிட்டபின் உள்ளிருக்கும் பொடியை வெளியேற்றாவிடில் முளை முழுவதும் இறங்காது. ஒரு பழைய சைக்கிள் பம்பு இதற்கு மிகவும் உதவும். அப்பொழுது கண்ணை அப்பால் திருப்பிக்கொள்ள வேண்டும்.

கான்கிரீட்டுக்கு ‘ஹாமர்’ என்னும் சுத்தியல் அடிப்பு வேண்டும். சிறிய கருவிகளில் இரு பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று துள்ளி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சிற்றடிகளைத் தருகின்றன. நாம் அழுத்தினால்தான் அவை வேலை செய்யும். பெரிய ‘ரோட்டரி ஹாமர்’ கருவிகளில் காற்றழுத்தத்தால் ஓர் உருளை பாய்ந்து அடிக்கிறது. அடிகளின் எண்ணிக்கை குறைவு, பலம் மிகுதி. அதற்கு நம் அழுத்தம் அதிகம் வேண்டுவதில்லை. தூணிலும் உத்தரத்திலும் அலகு திடீரென்று இறங்க மறுத்து, கணீரென்ற ஓசை எழுந்தால் உள்ளே முறுக்குக்கம்பி உள்ளது. அதனை வெட்ட முயல வேண்டாம். வீட்டைத் தாங்குவது அக்கம்பியே. பீங்கான் ஓடு பதித்த சுவரில் ஓட்டைக் கடக்கும்வரை சுத்தியல் அடிப்பை நிறுத்தி வைத்து, ஒட்டுநாடாவின்மேல் குறியிட்டு, மெதுவாகத் தொடங்க வேண்டும்.

பலகைத் தாங்கியைப் பொருத்துவோர் ஒரு கணக்கை அறிந்திருத்தல் நலம். தாங்கி 25 சென்டிமீட்டர் நீளம் வெளியே நீண்டுள்ளது. அதன்மேல் 10 கிலோ நூற்கண்டுகள் பரவலாக அடுக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். பளுவின் நடுவிடம் சுவரிலிருந்து பன்னிரண்டரை சென்டிமீட்டர் தள்ளி அமையும். தாங்கியின் மேல் திருகாணிக்கும் கீழ் முனைக்கும் இடையே 20 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், மேல் திருகாணியை வெளியே இழுக்கும் விசை சுமார் ஆறேகால் கிலோ. உயரம் 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் அவ்விழுப்பு பன்னிரண்டரை கிலோவாகப் பெருகும். ஆகவே குட்டையான தாங்கியைவிட உயரமான தாங்கி சிறந்தது. மேல் திருகாணியின் முளை எல்லாவற்றினும் உறுதியாக இருக்க வேண்டும். கூரையிலிருந்து நேர்கீழாகத் தொங்கும் பளுவுக்கு நெகிழி முளையை நம்பவே கூடாது. ஜக்கார்டுப் பெட்டியைக் கூரையில் முளையடித்துத் தொங்கவிடலாமா என்று ஓர் அங்கத்தினர் நம்மைக் கேட்டார். ஒவ்வொரு மிதிக்கும் குலுங்கும் பளு அது. அதன் அடியில் நெய்பவர் அமர்ந்திருக்கிறார். தரையில் ஊன்றிய சட்டத்தின்மேலேயே அதனை நிறுத்த வேண்டுமென்று விடையளித்தோம்.

தூசியைப் பற்றி நம்மவர் அதிகம் கவலைப்படுவதில்லை. செங்கல், மணல், கான்கிரீட்டு, கருங்கல் ஆகியவற்றின் பொடியில் சிலிக்கா உள்ளது. அதன் நுண்துகள் நுரையீரலில் படிந்து நாட்பட நோயாகும். ஆண்டுக்கு இரண்டு துளையிடுவோர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் மூடிய அறையில் ஒரே நாளில் முப்பது துளையிடுவோர் கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, என்-95 முகமூடி அணிய வேண்டும். முகத்தில் கட்டிய துண்டு பெரிய துகளை மட்டுமே தடுக்கும். துளைக்குக் கீழே காகிதத்தை மடித்து ஒட்டிவைத்தால் பொடி அதில் விழும், பாவின்மேல் பறக்காது. கண்ணாடி அணியாமல் தலைக்குமேல் துளையிடுவதை நாம் ஒருபோதும் ஒப்ப மாட்டோம்.

ஆனால் கல்நார்த் தகட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. நம் தறிக்கூடங்களிலும் மாட்டுக்கொட்டில்களிலும் பாதிக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடு வேய்ந்தவைபோலத் தோன்றுகின்றன. விளக்கு மாட்டவும், கொக்கிப் போல்ட்டு இறக்கவும் அதில் மின்துரப்பணத்தை ஓட்டுவதைக் கண்டிருக்கிறோம். அதனால் எழும் பொடியில் கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் கலந்திருக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பதென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. நோய் தோன்றுவதற்கு இருபது, முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லலாம். அப்பொழுது இன்று துளையிட்டது எவர் நினைவிலும் இராது. கீழே தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அக்காற்றையே சுவாசிக்கிறது. விளக்கைத் தகட்டில் மாட்ட வேண்டாம். தகட்டைத் தாங்கும் மரச்சட்டத்திலோ இரும்புக் குழாயிலோ கட்டுக. சங்கத்தின் கருவியை இப்பணிக்கென இரவல் கேட்போருக்கு மறுத்துவிடுமாறு பொறுப்பாளரிடம் கூறியிருக்கிறோம். இதனால் சிலருக்கு நம்மேல் வருத்தம், வருத்தத்தை ஏற்றுக்கொள்கிறோம்.

மரவேலையில் அபாயம் குறைவு. மறுபுறம் சிம்பு பெயராதிருக்க அடியில் ஒரு வேண்டாத கட்டையை வைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். தேக்கு, வேம்பு போன்ற மரங்களில் திருகாணியை நேரே ஏற்றாமல், அதன் தண்டின் கனத்துக்குச் சற்றுக் குறைந்த வழித்துளையிட்டு ஏற்றினால் மரம் பிளக்காது.

விவசாய அங்கத்தினர்களுக்கு மின்கலக் கருவியே உகந்தது. சொட்டுநீர்ப் பாசனத்தில் பக்கக் குழாய்களை இணைக்கப் பி.வி.சி. குழாயில் வரிசையாகத் துளையிட வேண்டியிருக்கிறது. ஈர வயலில், வெறுங்காலுடன், கிணற்றடி மோட்டார் அறையிலிருந்து கம்பி இழுத்துவந்து இதனைச் செய்வது விபரீதமாகும். மின்கலக் கருவியில் அந்தக் கவலை இல்லை. ரப்பர் வாஷரின் அளவைப் பார்த்து அதற்குரிய அலகையே எடுத்து, குழாயின் மறுசுவரைத் தொடாமல் துளையிட வேண்டும். பிசிறைக் கத்தியால் நீக்காவிடில் வாஷர் கசியும், பிசிறு உள்ளே சென்று சொட்டுவாயை அடைக்கும். மின்கலத்தை வெயிலில் கிடத்துவதும், இரவு முழுவதும் பஞ்சு மூட்டையின் அருகில் மின்னேற்றுவதும் ஆகா. கீழே விழுந்து உடைந்த, உப்பிய மின்கலத்தைச் சங்கத்தில் ஒப்படைத்துவிடுக. அதனைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

இரவல் பெறுவோருக்கு இரண்டு சொற்கள். கருவியைத் திருப்பித் தருமுன் காற்றுத் துளைகளில் அடைந்த பஞ்சையும் பொடியையும் பழைய வண்ணத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். கம்பி உரிந்திருந்தாலோ, வழக்கத்துக்கு மேல் பொறி பறந்தாலோ, அதனை மறைக்காமல் பதிவேட்டில் எழுதிச் செல்ல வேண்டும். அடுத்து எடுத்துச் செல்பவரும் நம் அங்கத்தினரே. அலகு முறிந்தால் அபராதம் ஏதுமில்லை. முறிந்த துண்டைக் கொணர்ந்து காட்டினால் மாற்று அலகு தரப்படும். பெட்டியில் இப்பொழுது 3 முதல் 10 மில்லிமீட்டர் வரை இரும்பு அலகுகளும், 6, 8, 10 மில்லிமீட்டர்ச் சுவர் அலகுகளும், இரண்டு இரும்புக் கவ்விகளும், ஒரு கண்ணாடியும் உள்ளன. 6 மில்லிமீட்டர்ச் சுவர் அலகே எல்லாவற்றுக்கும் முன் தேய்ந்துபோவதால் அதில் மட்டும் மூன்று வைத்திருக்கிறோம். கவ்விகளை வேண்டாமென்று பெட்டியிலேயே விட்டுச் செல்வோருக்குக் கருவியும் கொடுக்கப்படமாட்டாது.